கேன் யூ டெல் மீ சேர்த்துக் கேட்டாலும் தப்பு வருகிறது, எங்கே பிசகுகிறேன்?

வைகைக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், சர்ஜிகல் வார்டில் ஏழு வருஷம் ஆகிறது. இங்கிலாந்து போவதற்காக ஓஇடி படிக்கிறேன், மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு அது, அடுத்த மாதம் எழுதுகிறேன். லிசனிங், ரீடிங் இரண்டும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஸ்பீக்கிங்கில்தான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அதில் இரண்டு ரோல்பிளே வரும். கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள், மூன்று நிமிடம் படித்துத் தயாராகலாம், அப்புறம் ஐந்து நிமிடம் எதிரில் இருப்பவரை நோயாளியாகவோ அவருடைய உறவினராகவோ நினைத்துப் பேச வேண்டும். மொழிக்கு மட்டும் மார்க் இல்லை, நோயாளியிடம் எப்படி நடந்துகொள்கிறோம், விவரத்தை எப்படிக் கேட்டு வாங்குகிறோம் என்பதற்கும் மார்க் உண்டு.

முதல் நாள் பயிற்சியில் "வேர் இஸ் த பெயின்? வென் டிட் இட் ஸ்டார்ட்? டு யூ ஸ்மோக்?" என்று வரிசையாகக் கேட்டேன். இலக்கணம் சரி, ஆனால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது, கொஞ்சம் தன்மையாகக் கேளுங்கள் என்றார் பயிற்சி கொடுப்பவர். சரி என்று எல்லாக் கேள்விக்கும் முன்னால் கேன் யூ டெல் மீ சேர்த்தேன். "கேன் யூ டெல் மீ வேர் இஸ் த பெயின்?" அதுவும் தப்பாம். "வேர் த பெயின் இஸ்" என்று முடிய வேண்டுமாம். ஏன் என்று கேட்டால், அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணுங்கள் என்கிறார்.

மனப்பாடம் பண்ணிய பிறகு நேராகக் கேட்கும்போதும் "வேர் த பெயின் இஸ்?" என்றே வாயில் வருகிறது. அதற்கும் தப்பு போடுகிறார். நேற்று ராத்திரி டூட்டி முடிந்து வந்து என் குரலைப் பதிவு செய்து கேட்டேன். ஐந்து நிமிடத்தில் ஆறு இடத்தில் பாதி வாக்கியத்தில் நின்றிருக்கிறேன், அடுத்து இஸ் வருமா பெயின் வருமா என்று யோசித்துக்கொண்டு. தமிழில் நோயாளியிடம் பேசும்போது ஒரு நாளும் எனக்கு இப்படி ஆனதில்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை யாராவது சொன்னால் பிடித்துக்கொள்வேன். இன்னொன்று, எல்லாக் கேள்வியையும் இப்படிச் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டுமா? வலியில் இருப்பவரிடம் இவ்வளவு நீளமாகக் கேட்டால் அவருக்கே எரிச்சல் வராதா?

---

கரும்பலகை:

அம்மா, தஞ்சாவூர்ப் பக்கம் முப்பத்தொரு வருஷம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த ஒரு தப்பை எத்தனை நோட்டில் திருத்தியிருப்பேன் என்று கணக்கே கிடையாது, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதைச் செய்வார்கள். கவனக்குறைவால் வருவது இல்லை இது. தமிழ் நம் தலைக்குள் கட்டி வைத்திருக்கிற பழக்கத்தால் வருவது.

பாருங்கள். "வலி எங்கே இருக்கிறது?" இது நேர்க்கேள்வி. "வலி எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா?" இது பணிவான கேள்வி, இலக்கணத்தில் மறைமுகக் கேள்வி. முன்னால் இருந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பின்னால் "என்று சொல்ல முடியுமா" ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். "என்று" என்கிற சொல் அப்படிப்பட்டது, எந்தக் கேள்வியைக் கொடுத்தாலும் குலைக்காமல் அப்படியே தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் "வேர் இஸ் த பெயின்" என்பதை முழுசாகத் தூக்கி வைக்கிறோம். ஆங்கிலத்தில் "என்று" மாதிரி ஒரு சுமைதாங்கி இல்லை.

இப்போது ஆங்கிலத்தின் பக்கம் வருவோம். தமிழில் ஒரு வாக்கியம் கேள்வி ஆவதற்கு எங்கே, எப்போது என்ற சொல்லோ கடைசியில் ஒரு "ஆ"வோ இருந்தால் போதும். ஆங்கிலத்துக்கு அது போதாது, எழுவாயும் ஹெல்பிங் வெர்பும் இடம் மாற வேண்டும். "த பெயின் இஸ்" என்பது "இஸ் த பெயின்" ஆனால்தான் கேள்வி. இந்த இடமாற்றம் யாரிடம் கேட்கிறோமோ அவரை நோக்கிய முதன்மை வாக்கியத்துக்குத்தான் சொந்தம். "கேன் யூ டெல் மீ" என்று தொடங்கும்போது "யூ கேன்" ஏற்கனவே "கேன் யூ" என்று மாறிவிட்டது. கேள்வி அங்கேயே கேட்டாயிற்று. அதற்குப் பிறகு வருவது கேள்வி இல்லை, அவர் சொல்ல வேண்டிய பொருள்.

அந்தப் பொருளைத் தமிழில் வேறு மாதிரி நினைத்துப் பாருங்கள். "வலி எங்கே இருக்கிறது என்று" என்று நினைக்காமல் "வலி இருக்கும் இடம்" என்று நினையுங்கள். வலி இருக்கும் இடத்தைச் சொல்ல முடியுமா? "வேர் த பெயின் இஸ்" என்பது அந்த "வலி இருக்கும் இடம்"தான். "வென் இட் ஸ்டார்ட்டட்" என்பது "அது ஆரம்பித்த நேரம்". "ஹவ் யூ ஃபெல்" என்பது "நீங்கள் விழுந்த விதம்". என் வகுப்பில் இதைச் சொன்ன பிறகுதான் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. இடம், நேரம், விதம், காரணம் என்று பெயர்ச்சொல்லாக நினைத்துவிட்டால் உள்ளே கேள்விக்கு இடமே இருக்காது.

அடுத்து டு, டஸ், டிட். "வென் டிட் இட் ஸ்டார்ட்?" என்பதில் டிட் ஏன் வந்தது? "இட் ஸ்டார்ட்டட்" என்ற வாக்கியத்தில் இடம் மாற்ற ஹெல்பிங் வெர்ப் இல்லை, அதற்காகவே டிட்டைக் கூலிக்குக் கூப்பிடுகிறோம். வந்த டிட் இறந்த காலத்தைத் தன் தோளில் வாங்கிக்கொள்வதால் ஸ்டார்ட்டட் வெறும் ஸ்டார்ட் ஆகிறது. மறைமுகக் கேள்வியில் இடமாற்றமே இல்லை என்றால் டிட்டுக்கு வேலை இல்லை. அது போய்விடும், போகும்போது காலத்தை வினையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும்: "குட் யூ டெல் மீ வென் இட் ஸ்டார்ட்டட்?" டஸ் போனால் எஸ் திரும்பும்: "டு யூ நோ வாட் டைம் ஹீ டேக்ஸ் த டேப்லட்?" பிள்ளைகள் டஸ்ஸை எடுத்துவிட்டு எஸ்ஸை விட்டுவிடுவார்கள், அங்கே பாதி மார்க் போகும்.

ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு இஃப். "டு யூ ஸ்மோக்?" என்பது "குட் யூ டெல் மீ இஃப் யூ ஸ்மோக்?" ஆகும். "புகைப்பீர்களா என்று" என்பதில் இருக்கும் அந்த "ஆ"தான் ஆங்கிலத்தில் இஃப் ஆகி முன்னால் வந்து நிற்கிறது. இஃப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் இருப்பது "யூ ஸ்மோக்" என்ற சாதாரண வாக்கியமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சரி.

ஒன்று மட்டும் கவனியுங்கள். "ஹூ கேவ் யூ திஸ் டேப்லட்?" என்ற கேள்வியில் ஹூதான் எழுவாய், அங்கே முதலிலேயே இடமாற்றம் இல்லை. அதனால் "டு யூ ரிமெம்பர் ஹூ கேவ் யூ திஸ் டேப்லட்?" என்று அப்படியே வரும். "வாட் ஹாப்பண்ட்" என்பதும் அப்படித்தான். இதைத் தனியாகச் சொல்லவில்லை என்றால், எல்லாவற்றையும் திருப்பிப் போடணும் என்று நினைத்து இதையும் திருப்பிப் போட்டுவிடுவீர்கள்.

நேர்க்கேள்வியும் கெட்டுப்போகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் இரண்டு வடிவத்தையும் தனித்தனி மனப்பாடமாக வைத்திருப்பது. இரண்டு நாள் ஜோடியாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: வேர் இஸ் த பெயின், டெல் மீ வேர் த பெயின் இஸ். வேர் டிட் யூ ஃபால், டெல் மீ வேர் யூ ஃபெல். முன்னால் "டெல் மீ" இருக்கிறதா இல்லையா என்பதே நாக்குக்கு அடையாளமாகப் பதியும்.

---

லீட்ஸ் நைட் டூட்டி:

தங்கச்சி, நானும் நம்ம ஊர்ப் பக்கம்தான், விருதுநகர். இங்கே வந்து நாலு வருஷம் ஆகிறது, முதியோர் வார்டு. ஐயா இலக்கணத்தை முடித்துவிட்டார், உன்னுடைய இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

எல்லாக் கேள்வியையும் நீட்டத் தேவையில்லை. நீட்டினால் அதுவும் நன்றாக இருக்காது. இங்கே நான் தினமும் கேட்பதைச் சொல்கிறேன். நோயாளி பக்கத்தில் போனதும் முதல் கேள்வி நீளமாக இருக்கும்: "குட் யூ டெல் மீ எ பிட் அபௌட் வாட்ஸ் பீன் ஹாப்பனிங்?" அவர் பேசத் தொடங்கிய பிறகு குறுக்கே வரும் கேள்விகள் எல்லாம் குட்டிதான். "வென் வாஸ் தட்?" "எனி சிக்னெஸ்?" வலி எவ்வளவு என்று கேட்பதும் நேராகத்தான், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று. இன்று மலம் கழித்தீர்களா என்பதைக்கூட "ஹாவ் யூ ஓப்பண்ட் யுவர் பவல்ஸ் டுடே?" என்று நேராகவே கேட்கிறோம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. நெஞ்சு வலி என்று ஒருவர் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஐ வாஸ் வண்டரிங் என்று ஆரம்பிக்கக் கூடாது, அங்கே நேர்க்கேள்விதான் மரியாதை.

அப்புறம் எங்கே நீட்டுவது? கூச்சப்படுகிற விஷயம் வரும்போது. குடிப்பழக்கம், சிறுநீர் கட்டுப்பாடு, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், மனசு எப்படி இருக்கிறது. "வுட் யூ மைண்ட் டெல்லிங் மீ ஹவ் மச் யூ ட்ரிங்க் இன் எ வீக்?" என்று கேட்கும்போது, விருப்பம் இல்லை என்றால் சொல்ல வேண்டாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைக்கிறோம். நம்ம ஊரில் "தாத்தா, கொஞ்சம் குடிப்பீங்களோ?" என்று அந்த "தாத்தா"விலும் "கொஞ்சம்" என்பதிலும் "ஓ"விலும் வைக்கிற இதமான குரலை இங்கே வாக்கிய அமைப்பில் வைக்கிறார்கள். உடம்பைத் தொடுவதற்கு முன்னாலும் நீட்ட வேண்டும். "இஸ் இட் ஆல்ரைட் இஃப் ஐ டேக் யுவர் பிளட் பிரஷர்?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் கஃப்பைக் கட்டுவோம்.

இந்த வுட் யூ மைண்டில் ஒரு விஷயம், நான் அடிபட்டுக் கற்றது. வந்த முதல் வாரம். எண்பது தாண்டிய ஒரு ஐயா, இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். கட்டுப் பார்க்க வேண்டும். "வுட் யூ மைண்ட் இஃப் ஐ லுக்ட் அட் யுவர் டிரெஸ்ஸிங்?" என்று கேட்டேன். "நாட் அட் ஆல், லவ்" என்றார். நாட் என்ற சொல் காதில் விழுந்ததும் வேண்டாம் என்கிறார் என்று நினைத்துத் திரையை இழுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அவர் போர்வையை விலக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்திருக்கிறார், குளிரில். சீனியர் வந்து பார்த்துத்தான் எனக்குப் புரியவைத்தார். மைண்ட் என்றால் ஆட்சேபம். ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறோம், இல்லை என்றால் தாராளமாகச் செய் என்று பொருள். ரோல்பிளேயில் எதிரில் இருப்பவர் "நோ, கோ அஹெட்" என்றால் திகைத்து நிற்காதே.

அந்த வாக்கியத்தில் வுட் வந்தால் இஃப் ஐ லுக்ட் என்று பின்னால் இறந்த காலம், டூ வந்தால் "டூ யூ மைண்ட் இஃப் ஐ லுக்". நாள் முழுக்க வரும் வாக்கியம், இரண்டையும் கலக்காமல் பழகிக்கொள்.

இன்னொரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்: "கேன் யூ டெல் மீ வேர் வீ ஆர் அட் த மோமென்ட்?" வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வந்திருக்கிறதா என்று பார்க்கும்போது வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், இப்போது என்ன வருஷம் என்று நாலு விவரம் கேட்போம். நேராக வேர் ஆர் வீ என்று கேட்டால் சிலருக்கு முகம் சுருங்கிவிடும், தன் புத்தியைச் சந்தேகப்படுகிறார்கள் என்று. இந்த வடிவத்தில் கேட்டால் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

---

ஓஎம்ஆர் ஷிப்ட்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினைதான், எழுத்தில். சப்போர்ட் வேலை, கிளையண்ட் லண்டனில். "கைண்ட்லி லெட் மீ நோ வென் வில் யூ பி அவைலபிள்" என்று ஆறு வருஷமாக எழுதிவருகிறேன். கரும்பலகை ஐயா சொன்னதை வைத்துப் பார்த்தால் "வென் யூ வில் பி அவைலபிள்" என்று இருந்திருக்க வேண்டும், சரிதானா? லெட் மீ நோ என்பது கேள்வியே இல்லையே, அப்போதும் பின்னால் மாறுமா? கடைசியில் கேள்விக்குறி போடணுமா, முற்றுப்புள்ளியா?

---

கரும்பலகை:

சரிதான் தம்பி. முன்பகுதி கேள்வியா, கட்டளையா, வெறும் தகவலா என்பது பின்பகுதியைப் பாதிக்காது. உள்ளே போய்விட்ட வாக்கியம் எப்போதும் எழுவாய், அப்புறம் வினை. "ஐ டோண்ட் நோ வேர் ஹீ இஸ்" என்பதும் அப்படித்தான்.

குறியைத் தீர்மானிப்பது முன்பகுதி. "குட் யூ லெட் மீ நோ வென் யூ வில் பி அவைலபிள்" என்றால் கேள்விக்குறி, ஏனென்றால் குட் யூ கேள்வி. "ப்ளீஸ் லெட் மீ நோ" என்றால் முற்றுப்புள்ளி. "ஐ வாஸ் வண்டரிங் இஃப் யூ குட் ஷேர் த லாக்ஸ்" என்பதற்கும் முற்றுப்புள்ளிதான், கேட்கிற தொனி இருந்தாலும் வாக்கியம் ஒரு செய்தி.

அந்த வாஸ் வண்டரிங் எதற்காக இறந்த காலத்தில் வருகிறது என்று பலர் குழம்புவார்கள். நேற்று யோசித்தேன் என்ற பொருளே இல்லை. காலத்தைப் பின்னால் தள்ளினால் கோரிக்கையும் ஒரு அடி தள்ளி நிற்கும், எதிராளிக்கு நெருக்குதல் குறையும். கேன் விட குட், வில் விட வுட் பணிவாக ஒலிப்பதும் இதே காரணத்தால்தான். நாமும் "ஒரு விஷயம் கேட்கலாம்னு வந்தேன்" என்று எதிரில் நின்றுகொண்டே சொல்கிறோம் இல்லையா, அதே பழக்கம்தான்.

கைண்ட்லி நம் ஊர் அலுவலகத்தில் நல்ல சொல். லண்டன்காரர் காதில் அது சில சமயம் நோட்டீஸ் மாதிரியோ பொறுமை இழந்த மாதிரியோ விழும். குட் யூ போட்டாலே போதும், அதோடு கைண்ட்லியும் ப்ளீஸும் சேர்த்து அடுக்க வேண்டாம். "ஐ ஹாவ் எ டவுட்" என்று எழுதுவதையும் "ஐ ஹாவ் எ கொஸ்டின்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். நாம் சந்தேகம் கேட்கிறோம், அவர் தன்னை நம்பவில்லை என்று படித்துக்கொள்வார்.

---

மழைக்கால கார்க்:

அயர்லாந்திலிருந்து ஒரு சின்ன விஷயம். இங்கே என்னோடு வேலை செய்கிற இந்த ஊர்க்காரர்கள் "ஆஸ்க் ஹெர் டஸ் ஷீ வாண்ட் டீ", "ஐ வண்டர் இஸ் ஹீ அட் ஹோம்" என்று தினமும் பேசுகிறார்கள். படித்தவர்களும்தான். அயர்லாந்து ஆங்கிலத்தில் இது ஊறிப்போன வழக்கு, மொழியியல்காரர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்திய ஆங்கிலத்திலும் இந்த உள்-இடமாற்றம் இருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் "கேன் யூ டெல் மீ வேர் இஸ் த பெயின்" என்று கேட்டால் யாருக்கும் புரியாமல் போகாது, அதைச் சொன்னவருக்கு அறிவு குறைவு என்றும் ஆகாது. தேர்வுக்குப் பொது வழக்கைக் கற்றுக்கொள்ளுங்கள், அது தேவை. ஆனால் வாயில் பழைய வடிவம் வந்துவிட்டது என்று நடுவில் நின்று தவிக்க வேண்டாம். நிற்பதுதான் கேட்பவரைத் தடுக்கும்.

லீட்ஸ் அக்கா சொன்ன "தாத்தா", "கொஞ்சம்" பற்றி எனக்கும் ஒன்று தோன்றியது. ஆங்கிலத்தில் முன்பு தௌ என்று ஒருமையில் அழைக்க ஒரு சொல்லும், மரியாதைக்கு யூவும் இருந்தன, நமக்கு நீயும் நீங்களும் இருக்கிற மாதிரி. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பொதுப்பேச்சிலிருந்து தௌ கழன்றுபோய் எல்லோருக்கும் யூ என்று ஆகிவிட்டது. இன்று மேனேஜருக்கும் யூ, நாய்க்குட்டிக்கும் யூ. மரியாதையைச் சொல்லில் காட்ட வழி இல்லாத மொழி அதை வாக்கியத்தின் நீளத்தில் காட்டுகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். நமக்கு "உட்காருங்க" என்பதில் அந்த "ங்க" போதும். அதையே ஆங்கிலத்தில் "சிட்" என்று மொழிபெயர்த்தால் "ங்க" எங்கேயோ விழுந்துவிடுகிறது, ப்ளீஸ் போட்டாலும் முழுசாக ஈடாவதில்லை.

---

வைகைக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. "வலி இருக்கும் இடம்" என்று நினைக்கச் சொன்னது உடனே வேலை செய்தது ஐயா. நேற்று பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், விழுந்த விதம், ஹவ் யூ ஃபெல், மாத்திரை போட்ட நேரம், வென் யூ டுக் த டேப்லட். அக்கா சொன்ன அந்த ஐயாவின் கதையைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது, இனி மைண்ட் எனக்கு மறக்காது.

இரண்டு இடம் இன்னும் இடிக்கிறது. ரோல்பிளேயில் நோயாளி என்ன நினைக்கிறார் என்று கேட்க வேண்டும், அதற்கு மார்க் உண்டு. நான் "டு யூ திங்க் வாட் இஸ் த காஸ்?" என்று கேட்டேன், பிறகு திருத்தி "டு யூ திங்க் வாட் த காஸ் இஸ்?" என்றேன். இரண்டும் தப்பு என்றார்கள். டு யூ நோவுக்குச் சரியாக இருப்பது டு யூ திங்குக்கு ஏன் ஒத்துவரவில்லை? இன்னொன்று இஃப், வெதர். எது எங்கே?

---

கரும்பலகை:

நல்ல இடத்தில் இடித்திருக்கிறது அம்மா. இதற்கான பதில் உங்கள் தமிழிலேயே இருக்கிறது.

"எதனால் வந்தது என்று தெரியுமா?" "எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்?" இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலில் "தெரியுமா" என்று கடைசியில் ஒரு "ஆ" இருக்கிறது. இரண்டாவதில் "நினைக்கிறீர்களா" என்று நீங்கள் சொல்லவே இல்லை, சொன்னால் வாக்கியம் உடைந்துவிடும். ஏன்? முதல் கேள்விக்குத் தெரியும், தெரியாது என்பது ஒரு பதில். இரண்டாவதற்கு ஆமாம் என்று பதில் சொல்லிப் பாருங்கள், பொருளே இல்லை. அங்கே கேட்பது எதனால் என்பதைத்தான். எதனால் என்பதே தலைமைக் கேள்வி என்றால், ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் தலைக்கு வந்தாக வேண்டும்: "வாட் டு யூ திங்க் த காஸ் இஸ்?" "வேர் டு யூ திங்க் யூ காட் திஸ் இன்ஃபெக்ஷன்?" வாட், வேர் முன்னால் போகும், அடுத்து டு யூ திங்க், பிறகு வழக்கம்போல எழுவாய், வினை.

தமிழில் கடைசியில் "ஆ" வந்தால் ஆங்கிலத்தில் கேள்விச்சொல் உள்ளேயே இருக்கும், "ஆ" இல்லை என்றால் முன்னால் போகும். நினைக்கிறீர்கள், சொல்கிறீர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். "வாட் டிட் த டாக்டர் சே த ப்ராப்ளம் வாஸ்?" என்பதும் இதே கட்டு.

இஃப், வெதர் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடலாம், பேச்சில் இஃப்தான் அதிகம். வெதர் மட்டுமே வரும் இடங்கள் சில: டு சேர்ந்த வினைக்கு முன்னால், "ஷீ இஸ் நாட் ஷ்யூர் வெதர் டு ஹாவ் த ஆபரேஷன்". அபௌட் மாதிரிச் சொல்லுக்குப் பின்னால், "எ கொஸ்டின் அபௌட் வெதர் ஹீ கேன் டிரைவ்". ஆர் நாட்டை ஒட்டிப் போடும்போது, வெதர் ஆர் நாட்.

உங்கள் வேலையில் இதைவிட முக்கியமான ஒரு வித்தியாசம் இருக்கிறது. "லெட் மீ நோ இஃப் இட் ஹர்ட்ஸ்" என்றால் வலித்தால் சொல்லுங்கள் என்று அர்த்தம், வலிக்காவிட்டால் அவர் பேசாமல் இருப்பார். "லெட் மீ நோ வெதர் இட் ஹர்ட்ஸ்" என்றால் வலிக்கிறதா இல்லையா என்று எப்படியும் சொல்லுங்கள் என்று அர்த்தம். ஊசி போடும்போது முதலாவது போதும். கால் மரத்திருக்கிறதா என்று சோதிக்கும்போது அவர் பேசாமல் இருந்தால் எதை எழுதுவீர்கள்? அங்கே வெதர்தான் வேண்டும்.

---

வைகைக்கரை:

"தெரியுமா", "நினைக்கிறீர்கள்" இரண்டையும் சொல்லிப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன் ஐயா. இத்தனை வருஷம் தினமும் பேசுகிற வாக்கியம், அந்த "ஆ"வைக் கவனித்ததே இல்லை.

இன்று காலை பேசிப் பதிவு செய்ததை எழுதுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளி, காலில் புண். "ஹலோ, இஸ் இட் ஓகே இஃப் ஐ சிட் ஹியர்? குட் யூ டெல் மீ வாட் ஹாப்பண்ட் டு யுவர் ஃபுட்? ... வென் வாஸ் தட்? ... டு யூ ரிமெம்பர் இஃப் தேர் வாஸ் எனி ப்ளீடிங்? ... வாட் டு யூ திங்க் காஸ்ட் இட்? ... வுட் யூ மைண்ட் டெல்லிங் மீ ஹவ் ஆஃபன் யூ செக் யுவர் சுகர்? ... அண்ட் யுவர் டேப்லட் பாக்ஸ், டு யூ நோ வேர் இட்ஸ்?"

ஒரே ஒரு இடத்தில்தான் நின்றேன், ஹவ் ஆஃபன் டு யூ என்று வாய் போய்விட்டது, அப்படியே விட்டுவிட்டுத் தொடர்ந்தேன், கார்க் நண்பர் சொன்ன மாதிரி. அடுத்த தடவை சரியாக வந்தது.

---

லீட்ஸ் நைட் டூட்டி:

நன்றாக இருக்கிறது தங்கச்சி. முதல் கேள்வி நீளம், நடுவில் குட்டி, சர்க்கரை பார்ப்பது பற்றிக் கேட்கும்போது மறுபடியும் நீளம். சர்க்கரை பார்க்காமல் விட்டவர்களுக்கு அந்தக் கேள்வியில் குற்ற உணர்ச்சி வரும், நீ அங்கே வுட் யூ மைண்ட் போட்டது ரொம்பப் பொருத்தம்.

கடைசி வரியை மட்டும் மாற்று. "வேர் இட்ஸ்" என்று முடியாது, "வேர் இட் இஸ்". வாக்கியத்தின் கடைசியில் இஸ், ஆர் வந்தால் அதைச் சுருக்கக் கூடாது, முழுசாகச் சொல்ல வேண்டும். வேர் ஹீ இஸ், வேர் தே ஆர். பதிவு செய்யும்போது அந்த இஸ் தெளிவாகக் காதில் விழுகிறதா என்று கேட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி இல்லை, உங்கள் ஊர் நேரம் சாயங்காலம் ஆறு மணிக்கு வேண்டுமானால் நான் நோயாளியாக இருக்கிறேன், இரண்டு அட்டை எடுத்து வை.